வாஸ்கோ பாடிய பெயர்

வலது காலில் சப்பாத்து ஏறவில்லை. எர்சீலியா இறந்துபோன கணவன் வாஸ்கோவின் குதிகாலைப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தபோது, பாடகர் குழுவை நடத்தும் ஃபௌஸ்தோ தொப்பியைக் கையில் கசக்கியபடி வாசலில் வந்து நின்றார். அடக்கப் பூசைக்குப் பிரபுவே நேரில் வருகிறாராம். வாஸ்கோவுக்காக நம் பூசையையே பாடுவதென்று முடிவாகிவிட்டதாம்.

"நம்ம பூசையா?" என்றாள் எர்சீலியா. "அது எப்ப நம்மளுதாச்சு?"

நானூறு வருஷங்களுக்கும் முன்னால், குய்தோ தார்செங்கி என்ற பிரபு கூலிக்கு ஓர் இசைக்காரனைப் பிடித்து எழுதவைத்த பாடற்பூசை அது. நான்கு குரல்கள். மூன்று குரல்கள் ஆண்டவரிடம் இரக்கம் கேட்டுக்கொண்டிருக்க, நான்காவது மட்டும் நடுவில் நின்று பிரபுவின் பெயரை நீட்டி நீட்டிப் பாடும். கடவுள் வீட்டிலேயே தன் பெயரைக் கூவவைத்துக்கொண்ட புண்ணியவான். அவர் போன பிறகு அதை ஒருவரும் சீண்டவில்லை. கோயில் கூரையைப் பழுதுபார்த்தபோது ஆர்கன் வாத்தியத்துக்குப் பின்னாலிருந்து அந்த ஏடு எலிப்புழுக்கையோடு வெளியே வந்தது. பேராசிரியர்கள் வந்தார்கள். அதுவரை இந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாதிருந்த வாரிசுப் பிரபுவும் வந்து சேர்ந்தார்.

அன்றிலிருந்து வருஷா வருஷம் திருவிழாவுக்கு அந்தப் பூசைதான். பெயர் பாடும் வேலை வாஸ்கோவுக்கு. அவ்வளவு நீளமாக மூச்சுப் பிடிக்க ஊரில் வேறு ஆள் இல்லை. வயலில் தேங்கும் தண்ணீரை இறைத்து, 'போ' என்ற ஆற்றில் விடும் நிலையத்தில் பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, மாலையில் செத்துப்போன பிரபுவுக்காக மூச்சை இறைத்தார் அந்த மனுஷன். சவரம் செய்யும்போதும் குய்தோ, பூசணிக்காய் நறுக்கும்போதும் தார்செங்கி. எர்சீலியாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். திருவிழா அன்று அவள் விடியற்காலைப் பூசைக்கே போய்விட்டு வந்துவிடுவாள். அந்தக் கண்றாவியை அவள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. பாடியதற்குப் பிரபு வீட்டிலிருந்து கிறிஸ்துமஸுக்கு ஒரு புட்டி சிவப்பு ஒயின் வரும். அதைக் குடிக்காமல் அலமாரியில் வரிசையாக அடுக்கிவைத்து அழகு பார்ப்பார் வாஸ்கோ. வெட்கங்கெட்ட மனுஷன்.

"பெயரை இன்னிக்கு யாரு பாடப்போறா?" என்று கேட்டாள்.

பிரபு மாந்துவா நகரிலிருந்து ஒரு பாடகனைத் தன் காரிலேயே கூட்டிவருகிறார் என்றார் ஃபௌஸ்தோ. அவள் வாயைத் திறப்பதற்குள் மகள் லோரெதானா குறுக்கிட்டாள்.

"விட்டுடும்மா. அப்பாவுக்கு உசிரு அந்தப் பூசைமேலதான். ஒருநாள் பொறுத்துக்கோ."

பொறுத்துக்கொள்வதாகத்தான் எர்சீலியா கோயிலுக்குப் போனாள். வெளியே மூடுபனி. உள்ளே பீடத்துக்கு முன்னால் பெட்டி. அதன்மேல் லோரெதானா வைத்த சாமந்திப் பூக்கள். பிரபு முதல் வரிசையில், ஒட்டகநிறக் கோட்டோடு, குடும்பத்தார் இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து, கையுறையைக் கழற்றாமலே அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க குடும்பத்துக்கே பெரிய இழப்புங்க. நம்ம வலேரியோ மாதிரி ஒரு குரல் இனிமே எங்க கெடைக்கும்?"

அப்பாவின் பெயரையே அவர் மாற்றிச் சொன்னதில் லோரெதானா தலையைக் குனிந்துகொண்டாள். எர்சீலியா கையை விடுவித்துக்கொண்டு, நேராகப் பீடத்தின் பக்கவாட்டில் நின்ற பாடகர்களிடம் நடந்தாள். நடுவில், வாஸ்கோவின் இடத்தில், எண்ணெய் வைத்து வாரிய தலையோடு மாந்துவாக்காரன் நின்றிருந்தான்.

"தம்பி, நீ போய் உக்காரு. இது என் புருஷன் நின்ன எடம். இன்னிக்கு இங்க யாரும் நிக்கக் கூடாது."

அவன் ஃபௌஸ்தோவைப் பார்த்தான். ஃபௌஸ்தோவுக்கு வியர்த்துவிட்டது.

"எர்சீலியா, அந்தக் குரல் இல்லேன்னா பாட்டு நிக்காதுங்க. வாஸ்கோவே இதுக்கு ஒத்துக்கமாட்டார்."

"அப்ப அவரே எந்திரிச்சு வந்து சொல்லட்டும்."

மாந்துவாக்காரன் போய்த் தூணோரம் உட்கார்ந்தான்.

மூன்று குரல்களும் ஆண்டவரே இரக்கமாயிரும் என்று தொடங்கின. எர்சீலியா பாட்டைக் கேட்கவில்லை. பிரபுவின் முகத்தைத்தான் பார்த்தாள். தன் குலத்தின் பெயர் இதோ வரும், இதோ வரும் என்று மோவாயைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். வரவில்லை. மோவாய் மெதுவாக இறங்கியது. அவளுக்கு வயிறு குளிர்ந்தது. நன்றாக வேண்டும்.

அந்தத் திருப்தி வெகுநேரம் நிற்கவில்லை. பாட்டில் ஏதோ சரியில்லை. சுரம் தெரியாத அவள் காதுக்கே அது தெரிந்தது. மூன்று குரல்களும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு மேலே ஏறின. ஏறிய இடத்தில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் தடுமாறின. கீழ்க்குரல்காரர்கள் நடுவிலிருந்த காலி இடத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை வருஷமும் வாஸ்கோ அங்கே நின்று வெறும் ஒரு பெயரைத்தான் பாடிக்கொண்டிருந்தார் என்று அவள் நினைத்திருந்தாள். ஒரே ஒரு திருவிழாவுக்கு வந்து கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றியது.

வாஸ்கோ சேர வேண்டிய இடம் வரும்போதெல்லாம் ஃபௌஸ்தோவின் இடது கை பழக்கத்தில் அந்தக் காலி இடத்தை நோக்கி உயர்ந்தது. ஒரு கணம் நின்றது. இறங்கியது. எர்சீலியா பிரபுவை மறந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது மறுபடி உயர்ந்தபோது, அவளும் வாஸ்கோவைப் போல மூச்சை இழுத்து நிறுத்திக்கொண்டாள்.