ஒரு கீறல்கூட இல்லாமல்

1

இந்தக் கதை என் நாத்தனார் சொன்ன ஒரு பேச்சிலிருந்து வந்தது. "வயித்துல ஒரு கீறல்கூட இல்ல அண்ணி. பட்டதை யாருகிட்ட காட்டி நம்ப வைக்கிறது?" அவள் நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். ஐம்பத்திரண்டு வயது. கருப்பையின் உட்சுவரில் புற்று.

முதலில் இப்படித் தொடங்கினேன்: பச்சை ஒளியில் அவள் மிதந்து… (அடித்துவிட்டேன். படித்தால் சிரிப்பாள்.)

2

டாக்டரம்மா காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். வயிற்றைக் கிழிக்காமல் பிறப்புறுப்பு வழியாகவே கேமராவும் கருவிகளும் உள்ளே போகும். கருப்பையை எடுப்பார்கள். புற்று பரவினால் முதலில் போய்ச் சேரும் நிணநீர்க் கணுக்களையும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அவற்றைக் கண்டுபிடிக்க ஒரு சாயம் செலுத்துவார்கள். தனி விளக்கில் பார்த்தால் கணுக்கள் பச்சையாக ஒளிரும்.

"இதுவரைக்கும் எத்தனை பேருக்குச் செஞ்சிருக்கீங்க?"

"இருபத்தெட்டு."

"எத்தனை பேருக்கு வயித்தைத் திறக்க வேண்டியதாச்சு?"

"ரெண்டு பேருக்கு. புது முறைதான், எல்லாருக்கும் ஒத்துவராது. உங்களுக்கு ஒத்துவரும்னு நினைக்கிறேன். திறக்க வேண்டி வந்தா அதுக்கும் சேர்த்துதான் இந்தக் கையெழுத்து."

(இவரைச் சிடுமூஞ்சியாக எழுதியிருந்தேன். எண்ணிக்கையை மறைக்காத ஒருத்தரை அப்படி எழுத மனம் வரவில்லை.)

கையெழுத்துப் போட்டாள்.

3

மயக்கத்தில் அவள் ஒரு குளத்தின் அடியில் மல்லாந்து படுத்திருந்தாள். மேலே தண்ணீர் அசையவே இல்லை. இடமும் வலமுமாக இரண்டு பச்சைப் புள்ளிகள். யாரோ அவற்றை மெல்ல மெல்லப் பறித்துக்கொண்டிருந்தார்கள். பூப்பறிக்கிற பதம். வலிக்கவில்லை.

(கனவு என்னுடையது. "கண்ணை மூடினேன், திறந்தேன், அவ்வளவுதான்" என்பது அவள் வாக்குமூலம். ஆனாலும் இதை எடுக்க மனமில்லை.)

விழித்ததும் கை வயிற்றைத் தடவியது. வழுவழுவென்று இருந்தது. ஒன்றும் செய்யாமலே கைவிட்டுவிட்டார்கள் என்று நினைத்தாள்.

"ஆபரேஷன் பண்ணலையா சிஸ்டர்?"

"முடிஞ்சாச்சும்மா. எடுக்க வேண்டியதெல்லாம் எடுத்தாச்சு."

அப்போதுதான் அழுதாள்.

4

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அவள் வீட்டுக்காரர், "இந்த வாளியைக் கொஞ்சம்…" என்று ஆரம்பித்தார்.

"உள்ளே தையல் இருக்குங்க. ஆறு வாரத்துக்கு எதையும் தூக்கக் கூடாது."

"பார்த்தா ஒண்ணுமே தெரியலையே" என்றார். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து துணி காயப்போடுவதும் அவர்தான். (அவரை வில்லனாக்கிய பக்கம் குப்பைக்கூடையில்.)

5

பத்தாம் நாள் கணுக்களின் பரிசோதனை முடிவு வந்தது. நானும் கூடப் போயிருந்தேன், எனக்குத் தெரியும். ஆனாலும் கதைக்கு இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்று, சுத்தம் என்பது. இன்னொன்றில், வலப்பக்கக் கணுவில் மட்டும்…

அவளிடம் கொடுத்தேன். நிதானமாகப் படித்தாள்.

"ரெண்டையும் எடுத்துடுங்க அண்ணி."

"ஏம்மா?"

"சுத்தம்னு எழுதினா, ஒண்ணுமே நடக்காத மாதிரி மறந்துடுவாங்க. இருக்குன்னு எழுதினா, இப்பவே பாதி போயிட்டவளா பார்ப்பாங்க. ரெண்டுமே எனக்கு வேணாம்."

எடுத்துவிட்டேன். படிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள், அவள் சொல்லச் சொன்னால் ஒழிய பரிசோதனையில் என்ன வந்தது என்று நான் சொல்வதற்கில்லை. இதோ, எங்கள் கூடத்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருக்கிறாள். எதிர் நாற்காலி உங்களுக்கு. உட்காருங்கள். முதலில் அவளிடம் என்ன கேட்பீர்கள்?