தொண்ணூற்றைந்து சதவீதம்

இளஞ்செழியன் ஐந்தரைக்கு எழுந்து மோட்டார் போட்டான். பால் காய்ச்சி ஒரு டம்ளர் குடித்தான். மிச்சத்தை மூடி வைத்தான். மனைவி நிர்மலா இறந்து ஒரு வருஷமாகியும் அரை லிட்டரைக் கால் லிட்டராகக் குறைக்கச் சொல்லவில்லை. சொன்னால் பால்காரர் காரணம் கேட்பார். குளித்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். ஏழு மணிக்கு வீட்டைப் பூட்டினான்.

முத்தியால்பேட்டையிலிருந்து கனகசெட்டிக்குளம் வரை பைக்கில் போய், மேற்கே திரும்பினால் பழைய செம்மண் குவாரி. பன்னிரண்டு வருஷம் மண் எடுத்துப் பனைமர ஆழத்துக்குப் பள்ளமான நிலம். அதை நிரப்பிப் பயிர் வைக்கும்படி திருப்பிக் கொடுக்கும் வேலைக்கு அவன்தான் இன்ஜினியர். அடியில் சரளை கொட்டி, அடுக்கடுக்காக ரோலர் ஓட்டி இறுக்க வேண்டும். மேலே இரண்டடிக்கு நல்ல மண்ணைப் பொலபொலவென்று பரப்பி அப்படியே விட்டுவிட வேண்டும். அதன்மேல் ரோலர் ஏறக்கூடாது என்று வரைபடத்தில் சிவப்பு மையால் எழுதியிருந்தான். போன வாரம் நிர்மலாவின் வருஷத் திதிக்கு மூன்று நாள் லீவு எடுத்தான். திரும்பி வந்தபோது மேல்மண் மீதும் ரோலர் ஓடி முடிந்திருந்தது.

இன்று நிலத்தை ஒப்படைக்கும் நாள். அவன் இரும்புக் கம்பியை ஓங்கிக் குத்தினான். நாலு விரற்கடை இறங்கி நின்றுவிட்டது. பத்தடி தள்ளிக் குத்தினான். அங்கேயும் அதே.

"என்னாப்பா, வந்ததுலேர்ந்து குத்திக்கினே கீற? ஊசி போடுற டாக்டரா நீ?" பந்தல் நிழலிலிருந்து குவாரி கம்பெனி மேனேஜர் ராஜவேல் கேட்டார்.

"ஆழமா உழுது வுடணும் சார். பத்து நாள் குடுங்க."

"லேப் ரிப்போர்ட்ட பாத்தியா? இறுக்கம் தொண்ணூத்தஞ்சு. பாஸு."

"அது ரோட்டுக்கு பாஸு சார்."

ராஜவேல் பேனாவை நீட்டினார். "நீ போடலன்னா வேற இன்ஜினியர் வந்து போடுவான். வேலைய வுட்டுட்டு அந்த வூட்ல தனியா குந்திக்கினு என்னா பண்ணப் போற?"

இளஞ்செழியன் பேனாவை வாங்கினான். மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டான். கடைசிக் கட்டத்தில் 'நில உரிமையாளர் கருத்து' என்றிருந்தது.

நிலத்துக்காரி தையல்நாயகி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நடுநிலத்தில் நின்றிருந்தாள். மடியில் விதை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. மார்கழிப் பட்டத்துக்கு எடுத்து வைத்தது. குதிகாலால் தரையை அழுத்தித் திருகிப் பார்த்தாள். தடம் விழவில்லை.

"கையெழுத்துப் போட்டுட்டியா தம்பி?"

"போட்டுட்டேம்மா."

"நாலு தபா வந்து நீ சொன்னியே, பொலபொலன்னு இருக்கும்னு."



"அந்தம்மாகிட்ட ரேகைய வாங்கு. திருப்தின்னு எழுதிக்கோ!" ராஜவேல் பந்தலிலிருந்து கத்தினார்.

அவன் மைப்பெட்டியைத் திறந்து நீட்டினான். காட்டிய இடத்தில் அவள் கட்டைவிரலை அழுத்தினாள். குனிந்து விரலைத் தரையில் தேய்த்தாள். சிமென்ட் தரையில் இழுத்ததுபோல் நீலக்கோடு ஒன்று விழுந்தது.

அவன் 'திருப்தி' என்று எழுதினான். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது அவள் கடைசியாகச் சொன்னது வேறு.

"கொத்தி வெதச்சா மொளைக்கும் தம்பி. பூவும் பூக்கும். பூவுலேர்ந்து விழுது மண்ணுக்குள்ள எறங்குனாதான் காயி. அது எங்க எறங்கும்?"