கென்டக்கி விடைத்தாள்

நான் பயந்த சுபாவம். வகுப்பில் உலகத்து யுத்தங்களையெல்லாம் மேஜையைத் தட்டித் தட்டி நடத்துவேன். தெருவில் ஒரு காக்கி உடுப்பைக் கண்டால் அடுத்த சந்துக்குள் திரும்பிவிடுவேன். குழித்துறையில் எங்கள் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்த சத்தியபாய் டீச்சர் இவ்வளவுதான் என்று தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

1954-ஆம் வருஷம் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஆறாம் பாரத்துக்கு அமெரிக்கக் குடியரசின் வளர்ச்சி பாடமாக இருந்தது. எனக்கு மிகவும் பிடித்த பாடம். இங்கிலாந்தை விரட்டிவிட்டுப் பதின்மூன்று மாநிலங்களும் ஆளுக்கொரு நாணயம், ஆளுக்கொரு சுங்கச்சாவடி என்று முறைத்துக்கொண்டு நின்றதையும், சொந்தப் படைவீரனுக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாத மத்திய சர்க்கார் பிறகு அரசியல் சட்டம் எழுதி, வங்கி திறந்து, சாலை போட்டுத் தலைநிமிர்ந்ததையும் நான் சொன்னால் பிள்ளைகள் மணி அடித்தாலும் எழுந்திருக்க மாட்டார்கள். அதிலும் கென்டக்கி. வர்ஜீனியா மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் மலைக்கு அந்தப் பக்கம் கிடந்த நாடு. அங்குள்ளவர்கள் ஒரு வழக்கு என்றால் மலை தாண்டித் தலைநகருக்குப் போகவேண்டும். விளைந்த சோளமும் புகையிலையும் ஆற்றில்தான் போகவேண்டும்; ஆற்றின் வாயிலோ ஸ்பெயின்காரன் காவல். பத்து மாநாடு கூட்டிப் பேசி, வர்ஜீனியாவிலிருந்து பிரிந்து, 1792-இல் ஒன்றியத்தில் பதினைந்தாவது மாநிலமாகச் சேர்ந்தார்கள். வர்ஜீனியாவும் சம்மதித்தது. அந்தப் பிரிவினைக்காக ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை.

ஜூலையில், ஓண லீவுக்கு முன்னால் நடக்கிற ஓணப்பரீட்சைக்குக் கேள்வித்தாள் எழுதினேன். கென்டக்கி ஏன் பிரிந்தது, அரசியல் காரணம் என்ன, பொருளாதாரக் காரணம் என்ன, உங்கள் வட்டாரத்திலிருந்து ஓர் உதாரணம் காட்டி விளக்குக. அந்தக் கடைசி வரி டிரெய்னிங் காலேஜில் படித்த பழக்கம். தமிழ்த் தாலுக்காக்களைத் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரித்துச் சென்னையோடு சேர்க்கவேண்டும் என்று சந்தைக்குச் சந்தை கூட்டம் நடந்துகொண்டிருந்த சமயம் அது. அப்போது இப்படி ஒரு கேள்வி கேட்டவளுக்கு மூளை இருந்ததா என்று நீங்கள் கேட்பது நியாயம். என் மனசில் கென்டக்கி கென்டக்கியாகவே இருந்தது.

ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் பிரிவினை கேட்டு ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் சுட்டது. அதற்குப் பிறகு போலீஸ் வீடு வீடாக ஏறியது. ஆண்கள் பலர் ஊரில் இல்லை. பிடிபட்டவர்களை எப்படி அடித்தார்கள் என்று ஸ்டாஃப் ரூமில் சிலர் மெதுவாகச் சொல்வார்கள். நான் எழுந்து வெளியே போய்விடுவேன். கேள்வித்தாளோ அச்சாகி அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. மாற்றச் சொல்லி வாயைத் திறக்கவும் பயம், அதனாலேயே ஒரு பேச்சு வருமே என்று. பரீட்சை நடந்தது.

மூன்றாம் நாள் காலையில் இன்ஸ்பெக்டர் வந்தார். கையில் என் கேள்வித்தாள். யாரோ கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். அவர் வடக்கே உள்ளவர், தமிழ் வாசிக்கத் தெரியாது. கூடவே பொன்னுலிங்கம் என்ற ஏட்டு, நம்ம ஊர்க்காரர், கேள்வியை மலையாளத்தில் விளக்கிச் சொல்லியிருந்தார். முப்பத்தொரு விடைத்தாளும் வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் ஞானம் அக்கா மட்டும் அசையவில்லை. மிஷன் மேனேஜர் நெய்யூரிலிருந்து வந்து சம்மதிக்கவேண்டும், நான்கு மணிக்குத் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். சரி என்று இன்ஸ்பெக்டர் வாசலில் ஒரு போலீஸ்காரரை நிறுத்திவிட்டுப் போனார்.

கட்டு என்னிடம் இருந்தது. பன்னிரண்டு தாள் திருத்தியிருந்தேன். மீதியை வேகமாகப் புரட்டினேன். அங்கேயும் ஆறு உண்டு, இங்கேயும் ஆறு உண்டு என்கிற மாதிரிதான் பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். கொஞ்சம் மூச்சு வந்தது. இருபத்துமூன்றாவது தாள் கிரேசியுடையது.

கிரேசி வகுப்பில் முதல். அவளுடைய அண்ணன் செல்வதாஸ் பதினொன்றாம் தேதி ஊர்வலத்தில் கொடி பிடித்தவன், போலீஸ் தேடுகிறவர்களில் ஒருவன். அவள் கென்டக்கியை நான் சொன்னதைவிட நன்றாக எழுதியிருந்தாள். கடைசிப் பகுதியில் இப்படி இருந்தது: ஸ்பெயின்காரன் காவல் இருந்தும் கென்டக்கிக்காரர்கள் தங்கள் சோளத்தை ஆற்றில் கொண்டுபோனார்கள், அதுபோல நமது தோவாளையிலிருந்து தினமும் பூக்கூடைகள் ஆரல்வாய்மொழி எல்லைச் சாவடியைத் தாண்டிக் கிழக்கே சென்னை ராஜ்யத்துக்குள் போகின்றன, என் அண்ணனும் தோவாளையில் பூ வியாபாரி ஒருவர் வீட்டில் இருக்கிறான், ஓணத்துக்கு முந்தின நாள் பூ லாரியில் அவனும் அக்கரை போவான். வியாபாரியின் பெயரையும் எழுதியிருந்தாள்.

ஓணத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. தாளைக் கவிழ்த்து வைத்தேன், மறுபடி எடுத்தேன். இந்தப் பெண்ணுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று முதலில் கோபம்தான் வந்தது. பிறகுதான் நினைவு வந்தது. என்னிடம் நேரே சொல்லுவதுபோல எழுதுங்கள் என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். அவள் சொல்லிவிட்டாள். வீட்டில் அம்மாவைத் தவிர அவளுக்குச் சொல்ல வேறு யாரும் இல்லை.

தாளைக் கிழித்துப் போடலாம் என்றால் கட்டின் மேல் முப்பத்தொன்று என்று எழுதி நானும் ஞானம் அக்காவும் கையெழுத்துப் போட்டிருந்தோம். பரீட்சை அன்று மிஞ்சிய இரண்டு தாள் என் பைக்குள் கிடந்தது. பள்ளிக்கூட முத்திரையும் பரீட்சையின் பெயரும் குத்திய தாள், திருப்பிக் கொடுக்க மறந்துபோனது. அதில் ஒன்றை எடுத்து கிரேசியின் பெயரை எழுதினேன். வலப்பக்கம் சாய்ந்த அவள் எழுத்து எனக்கு நான்கு வருஷப் பழக்கம்; அதே சாயலில் எழுதினேன்.

எழுத எழுத எனக்கே அருவருப்பாக இருந்தது. கென்டக்கிக்காரர்கள் சிலருடைய துர்ப்போதனையால் கெட்டார்கள் என்று எழுதினேன். பிரிந்ததால் அவர்களுக்கு ஒரு நன்மையும் இல்லை என்று எழுதினேன். உதாரணம் என்ற இடத்தில், நமது ஊரிலும் அப்படிச் சிலர் புறப்பட்டிருக்கிறார்கள், அவர்களைப் பிடித்துத் தண்டிப்பதே நாட்டுக்கு நல்லது என்று எழுதினேன். அது தேவையே இல்லை. சும்மா விட்டிருக்கலாம். பயம் என் கையைப் பிடித்து எழுத வைத்தது. பொய்ச் சரித்திரத்துக்கு ஐம்பதுக்குப் பதினெட்டு மார்க் போட்டுக் கட்டில் செருகினேன். உண்மையான தாளைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு போர்டிங் சமையற்கட்டுக்குப் போய், வெந்நீர் கேட்கிற சாக்கில் அடுப்பில் வைத்தேன். அது எரிந்து முடியும்வரை அங்கேயே நின்றேன்.

நான்கு மணிக்குப் பொன்னுலிங்கம் ஒவ்வொரு தாளாக வாசித்து இன்ஸ்பெக்டருக்குச் சொன்னார். கிரேசியின் பெயர் வந்ததும் இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். செல்வதாஸின் தங்கைதானே, கூப்பிடுங்கள் என்றார். அதை நான் நினைத்தே பார்க்கவில்லை. முதல் மார்க் வாங்குகிற பிள்ளை, ரோஷக்காரி, இது நான் எழுதியதில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

கிரேசி வந்தாள். தாளைக் கொடுத்து உரக்க வாசிக்கச் சொன்னார்கள். முதல் வரியிலேயே அவள் கண் நின்றது. பிறகு மெதுவாக என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு கண்ஜாடை காட்டக்கூட எனக்குத் தைரியம் இல்லை. அவள் வாசித்தாள். பிடித்துத் தண்டிப்பதே நாட்டுக்கு நல்லது என்ற வரியையும் விடாமல் வாசித்தாள்.

"இது நீ எழுதுனதுதானா?" என்று பொன்னுலிங்கம் கேட்டார்.

"எனக்க தாளுதான்," என்றாள் கிரேசி.

இன்ஸ்பெக்டருக்கு ஒரே சந்தோஷம். அண்ணன் அப்படி, தங்கை இப்படி, பார்த்தீர்களா என்றார். நாளைக் காலை ஜெபத்துக்குப் பிறகு இந்தப் பெண் இதை எல்லாப் பிள்ளைகளுக்கும் வாசிக்கட்டும் என்றார். ஞானம் அக்கா வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். நான் விடைத்தாள்களை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் இருநூறு பிள்ளைகளுக்கு முன்னால் கிரேசி வாசித்தாள். அவர்களில் எத்தனையோ பேருக்கு அப்பாவோ மாமாவோ லாக்கப்பில் இருந்தார்கள். மத்தியானம் அவளோடு யாரும் சாப்பிட உட்காரவில்லை. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. சந்தையில் அவளுடைய அம்மாவுக்கு மீன் கொடுக்கமாட்டேன் என்று ஒருத்தி சொன்னாளாம்.

ஓண லீவு முடிந்து வந்த அன்று வராந்தாவில் என்னைக் கடந்து போகும்போது, "சோளம் அக்கரை சேர்ந்தாச்சு டீச்சர்," என்று மட்டும் சொன்னாள்.

அவன் தப்பிவிட்டான். அன்றைக்கே அவள் ஊருக்கு உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் போலீஸை ஏமாற்றிய நான் மாட்டிக்கொள்வேன், வேலை போகும், ஜெயிலும் உண்டு. அதனால் அவள் சொல்லவில்லை. எனக்கு அது தெரிந்திருந்தது, தெரிந்தே இருந்தேன். அந்த வருஷக் கடைசிப் பரீட்சை எழுதித் தேறி அவள் வீட்டில் இருந்தாள். அண்ணனைக் காட்டிக்கொடுக்கத் துணிந்தவள் என்று சொல்லி இரண்டு கல்யாணப் பேச்சு நின்றுபோனது. ஒவ்வொன்றும் என் காதுக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று நினைத்தேன்.

1956 நவம்பர் ஒன்றாம் தேதி நாங்கள் சென்னையோடு சேர்ந்தோம். அந்த வாரம் செல்வதாஸ் மாலையும் மேளமுமாகத் திரும்பி வந்தான். தங்கையோடு பேசவில்லை. அவள் வைத்த சோற்றையும் தொடவில்லை என்று கேள்விப்பட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. இனிமேல் எனக்கு ஆபத்து இல்லை என்று உறுதியான பிறகுதான் அவர்கள் வீட்டுக்குப் போனேன், அதையும் மறைக்கப்போவதில்லை.

நடந்ததையெல்லாம் சொன்னேன். செல்வதாஸ் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அந்தத் தாள் எங்கே என்றான். எரித்துவிட்டேன் என்றேன்.

"அவமேல பாவப்பட்டு சொல்லுதீங்க டீச்சர்," என்றான். "ஊரு முழுக்கக் கேட்டிருக்கு. அவளே ஒத்துக்கிட்டாளே."

பையிலிருந்து அந்த மிஞ்சிய இன்னொரு தாளை எடுத்தேன். 1954 ஓணப்பரீட்சை முத்திரை இன்னும் தெளிவாக இருந்தது. கதவுக்குப் பக்கத்தில் நின்ற கிரேசியைக் கூப்பிட்டு, "எழுது மக்கா, அன்றைக்கு எழுதினதை அப்படியே எழுது, அண்ணன் வாசிக்கட்டும்," என்றேன்.

அவள் தரையில் உட்கார்ந்து எழுதினாள். இரண்டு வருஷம் கழிந்தும் பாடத்தில் ஒரு தேதிகூடப் பிசகவில்லை. பத்து மாநாடு, மலை, புகையிலை, ஆற்றின் வாய் எல்லாம் வரிசையாக வந்தது. செல்வதாஸ் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான். உதாரணம் என்று எழுதியதும் பேனா நின்றது. தெருவில் வெற்றி ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது, கொட்டுச் சத்தம் நன்றாகக் கேட்டது. இனி அந்தப் போலீஸ் இல்லை, பயப்படாமல் எழுது என்றேன்.

கிரேசி எழுந்து போனாள். வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள், ஜன்னலையும் அடைத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து, தாளை இடது கையால் மறைத்துக்கொண்டு, தோவாளை என்று எழுத ஆரம்பித்தாள்.