கருந்திமிங்கிலத்தை விட்டுத் திரும்பிய படை

ஆம்பளைக்கும் சக்களத்தி வாய்க்கும் என்று லிஃப்ட் மெக்கானிக் கல்யாணத்துக்குப் பிறகுதான் கண்டுகொண்டான். மனைவி ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்பவள். வேலை முடிந்து வந்து ஹெட்போனை மாட்டினால் அவ்வளவுதான். 'ஏழு தீவு' என்ற ஆன்லைன் விளையாட்டில் அவள் ஒரு கப்பற்படைக்குத் தலைவி.

"கப்பல் ஓட்டினது போதும், சாப்பிட வா" என்று இவன் குத்திக்காட்டுவான்.

"இதோ வந்துட்டேங்க" என்பாள். வரமாட்டாள்.

ஒருநாள் முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"விளையாட்டை மூடப்போறாங்களாம். பாதிப் பேரு புது விளையாட்டுக்குப் போயிட்டாங்க. மிச்சம் இருக்கிறவங்களுக்காக சர்வரை ஓட்டினா கட்டுப்படியாகாதாம்."

"சரி, நீயும் புதுசு ஆடேன்."

"வீடு மாறினா அக்கம்பக்கத்தையும் மூட்டை கட்டிக்கிட்டா போக முடியும்?"

அவனுக்குச் சுருக்கென்றது.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் சர்வரை நிறுத்துவதாக அறிவிப்பு. மெக்கானிக் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுக்கும் கேட்கட்டும் என்று அவள் ஹெட்போனைக் கழற்றி ஸ்பீக்கரைப் போட்டாள்.

விட்டுப்போன பழைய ஆட்களெல்லாம் திரும்ப வந்திருந்தார்கள். அந்தக் கடலில் யாரும் வீழ்த்தாத கருந்திமிங்கிலத்தை இன்றைக்கு ஒரு கை பார்ப்பது என்று முடிவு.

"வாத்தியாரே, அவசரப்படாதீங்க. நர்ஸம்மா, இடது பக்கம் உங்களுது. பீரங்கி, நான் சொன்னப்புறம்தான்!"

வீட்டில் ஒருநாளும் கேட்டிராத குரல் அது. அவள் சொல்லச் சொல்லக் கப்பல்கள் வளைந்தன. திமிங்கிலத்துக்கு உயிர் இத்துனூண்டுதான் மிச்சம். அப்போது பார்த்துப் படையிலிருந்த தையல்காரர் ஒருவரின் கப்பல் சுழலில் மாட்டிக்கொண்டது. பக்கவாதம் வந்ததிலிருந்து ஒற்றைக் கையால் விளையாடுகிறவர் அவர்.

"என்னை விடுங்க கேப்டன். அதை முடிங்க, நேரமில்ல!"

"நம்ம படை யாரையும் விட்டுட்டுப் போனதில்ல. இன்னிக்கா போகப்போகுது? எல்லாரும் திரும்புங்க!"

ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. அத்தனை கப்பலும் சட்டென்று திரும்பின. திமிங்கிலம் தண்ணீருக்குள் மறைந்தது. தையல்காரரைக் கட்டி இழுத்துத் துறைமுகம் சேர்த்தார்கள்.

"ஆஸ்பத்திரியிலிருந்து வந்தப்புறம் எல்லாரும் எங்கிட்ட பரிதாபமாத்தான் பேசினாங்க" என்றார் அவர். "நீங்க மட்டும்தாம்மா வேலை குடுத்தீங்க. ஒழுங்காச் செய்யலன்னா திட்டவும் செஞ்சீங்க. அதனாலதான் நான்..."

திரை இருண்டது. விளையாட்டு போய்விட்டது.

அவள் அழுதாள். மெக்கானிக் நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டுக்கொண்டான்.

"ஜெயிச்சிருக்கலாமே. வருத்தமா?"

"கடலு போயிடுச்சேன்னு வருத்தம். திரும்பினதுக்கு வருத்தமே இல்லங்க."

மறுநாள் வேலை நடுவில் கூட்டாளி பேச்சுவாக்கில் கேட்டான்: "உன் வீட்டுக்காரம்மா என்னப்பா பண்றாங்க?"

"கேப்டன்" என்றான் மெக்கானிக், நெஞ்சை நிமிர்த்தி.

"எந்தக் கப்பல்ல?"

கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு மெக்கானிக் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான். லிஃப்ட் பாட்டுக்கு மூன்றாம் மாடியிலேயே நின்றது. குடியிருப்பவர்கள் படியேறிப் போனார்கள்.