சரியான தொய்வு

தயாபரனுக்குத் தன் கைவேலையில் கொஞ்சம் கூடுதலான பெருமைதான். ஜெர்மன் பேசும் துன் நகரில் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவினாலும், யாழ்ப்பாணத்தில் ரேடியோவும் ரீவியும் திருத்திய கை சும்மா இருக்குமா? தொழிற்பள்ளி ஒன்று கழித்துவிட்ட சின்னக் கம்பியூட்டர் பலகை ஒன்று அவனிடம் வந்து சேர்ந்தது. மூளை, நினைவகம், பொத்தான்கள் எல்லாம் அந்த ஒரே பலகையில். பதினாறு எழுத்துக் காட்டும் திரை ஒன்றைப் பொருத்தி, பற்றரி கட்டி, மாஜரீன் டப்பாவுக்குள் அடக்கினான். கையில் கொண்டு திரியலாம்.

எல்லாம் மனைவி மனோகரிக்காக. வந்து நாலு மாதம்தான், ஜெர்மன் ஒரு சொல் தெரியாது. அவளுக்குத் தொய்வு வேறு. குளிர் கூடினால் மூச்சு இழுக்கும், படுத்தால் இன்னும் கூடும், நெஞ்சு விசிலடிக்கும், வாயால் பேச்சு வராது. அவன் வேலையில் நிற்கும்போது அப்படி வந்தால் யாரிடம் போய் என்ன சொல்வாள்? அந்தப் பயம் அவனைத் தூங்கவிடவில்லை. ஒரு தேவைக்கு ஒரு பொத்தான். அழுத்தினால் திரையில் ஜெர்மன் வரும்.

"ஒரு துண்டுக் கடதாசியில எழுதித் தந்தாலும் காணுமப்பா" என்றாள் மனோகரி.

"கடதாசி துலைஞ்சு போகும். இது துலையாது."

அவனுடைய ஜெர்மனும் சமையலறையைத் தாண்டாது. பக்கத்துப் பேர்ண் நகரில் வேலை பார்த்த, ஜெர்மன் நன்றாகத் தெரிந்த கோயம்புத்தூர்க்காரர் சேஷாத்ரியைப் பிடித்தான். தங்கமான மனிதர். முதலில், 'மூச்சு விட ஏலாமல் இருக்குது, தொய்வு வந்திட்டுது, டொக்டரைக் கூப்பிடுங்கோ' என்று முழுதாகத்தான் எழுதினான். பதினாறு எழுத்துக்குள் அது எங்கே அடங்கும்? வெட்டினான், இன்னும் வெட்டினான். கடைசியில் சேஷாத்ரியின் கைக்குப் போனது, கடுமையான தொய்வு என்ற அர்த்தத்தில், 'சரியான தொய்வு' என்ற இரண்டே சொல். அவர் எழுதிக் கொடுத்தது 'பின் ஸேர் ஷ்லாப்'. ஜெர்மனில், இடைவெளியும் சேர்த்து, அளந்து வைத்த மாதிரிப் பதினாறு எழுத்து. தயாபரனுக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். ஒவ்வொரு எழுத்தையும் இலக்கமாக்கி ஏழாம் பொத்தானில் ஏற்றினான்.

தை மாதம் பனி கொட்டிய ஒரு பகலில் மனோகரிக்கு இழுக்கத் தொடங்கியது. படி இறங்கி, கட்டடம் பார்க்கும் ஃபிரௌ கெர்பரின் கதவைத் தட்டி, டப்பாவை நீட்டி ஏழாம் பொத்தானை அழுத்தினாள். மெஷின் ஒரு பிழையும் விடவில்லை. அந்த மனுசி வாசித்தாள், பாவப்பட்டாள். சோபாவில் நீட்டிப் படுக்க வைத்து, போர்த்து, ஜன்னலைச் சாத்தினாள். மனோகரி எழும்ப எழும்பத் தோளை அமத்தி, படு, படு என்றாள். பிறகு தேத்தண்ணி போடப் போனாள். தேத்தண்ணியோடு வந்தபோது மனோகரிக்கு மூச்சு இல்லை.

செத்தவீட்டுக்குச் சேஷாத்ரி வந்திருந்தார். தயாபரன் அவரை ஒதுக்கமாகக் கூட்டிக்கொண்டு போனான்.

"ஏழாம் பொத்தானைத்தான் காட்டினவவாம். அந்த மனுசி வாசிச்சுப்போட்டுப் படுக்க வைச்சிருக்கிறா. என்ன எழுதித் தந்தனீங்கள்?"

"ரொம்பக் களைப்பா, துவண்டு போயிருக்குன்னு. தொய்வுன்னா அதுதானே?"

"எங்களுக்குத் தொய்வு எண்டால் அந்த இழுப்பு. ஆஸ்மா."

"ஆஸ்மான்னே எழுதியிருக்கலாமே தயாபரன். ஜெர்மன்லயும் அதே வார்த்தைதான்."



"அந்தச் சொல் எனக்கும் தெரியும். நீங்கள் தமிழ் ஆள் எண்டுதான் தமிழில எழுதினனான்."