பாலத்தைக் கடந்த மூன்று வேகன் அரிசி

1.

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது.

என் மகள் லூர்துராணி காட்டூரில் பள்ளி ஆசிரியை. போன மாதம் வந்தவள், "அப்பா, வெள்ளத்தப்போ நீங்க தந்தியை ஒளிச்சு வெச்சீங்களே, அதை எழுதிக் கொடுங்க. பிள்ளைங்களுக்கு வாசிச்சுக் காட்டறேன்" என்றாள். இருபத்திரண்டு வருடமாக நான் வீட்டில் சொல்லிவரும் கதை அது. எழுத உட்கார்ந்தேன்.

'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து நாலாம் வருடம், ஆடி மாதம், திருச்சியில் தீரமிக்க தந்தி குமாஸ்தா ஒருவன்...'

(அடித்துவிட்டேன். அந்தக் குமாஸ்தா நான்தான். அற்புதசாமி என்று பெயர். நான் எந்தத் தந்தியையும் ஒளிக்கவில்லை.)

2.

கதைக்கு உரியவர் ஹபீபுல்லா. கோட்டை ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டுக்குத் தலைமை குமாஸ்தா. 'நெடிய உருவமும்...' என்று ஆரம்பித்தேன். இல்லை, குள்ளம். 'கருணை ததும்பும் கண்களும்...' அதுவும் தெரியாது. அவர் கண் எப்போதும் வேகன்கள் மேல்தான் இருக்கும்.

வேலையைச் சொன்னால் ஆளைச் சொன்னதாகிவிடும். ஜீயபுரத்து வாழைத்தார், தோல், அரிசி எல்லாம் எங்கள் ஷெட்டிலிருந்து நாகப்பட்டினம் துறைமுகம் போய்க் கொழும்புக் கப்பலில் ஏறும். தோல் நாற்றம் அரிசியைத் தொடக்கூடாது. வாழைத்தார் கடைசியில் ஏறி முதலில் இறங்கவேண்டும். கப்பலுக்காக வேகனோ வேகனுக்காகக் கப்பலோ காத்துக்கிடக்கக்கூடாது. இத்தனையையும் மனசுக்குள்ளேயே அடுக்கி, விரலை நீட்டி இரண்டு வார்த்தை சொல்வார். நூறு பேர் நகர்வார்கள்.

3.

வெள்ளத்தின் நான்காம் நாள் காலை. தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருந்தது. காவிரிப் பாலம் தப்பி நின்றது. ஆனால் தூண்கள் ஆட்டங்கண்டிருந்ததால் வண்டி போகத் தடை, ஆள் மட்டும் போகலாம். அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்தில் மூன்று நாளாக அடுப்பெரியவில்லை. இந்தப் பக்கம் எங்கள் ஷெட்டில் கப்பலுக்கான அரிசி, மூன்று வேகன் நிறைய, முத்திரை வைத்து நின்றது.

ஒன்பது மணிக்குத் தந்தி தட்டியது. 'அரிசி வேகன்களை உடனே நாகைக்கு அனுப்பு. கப்பல் காத்திருக்கிறது.'

(வீட்டில் சொல்லும் கதையில் இந்த இடத்தில் நான் தந்தியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைப்பேன்.)

ஓடிப்போய் ஹபீபுல்லாவிடம் கொடுத்தேன். பயம்தான் காரணம், வேறொன்றுமில்லை. அவர் படித்தார். என் தந்திப் பட்டுவாடாப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் நேரம் குறிக்கவேண்டியது நான். அவசரத்தில் மறந்துபோனேன்.

"உங்க வேலையை நீங்க செஞ்சிட்டீங்க, அற்புதசாமி" என்றார். பிறகு நடந்துபோய், முதல் வேகனின் முத்திரையை உடைத்தார்.

4.

இந்தப் பகுதியை ஏழு முறை எழுதினேன். ஏழும் நான் பார்த்ததற்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

முதலில் தடங்கல். மூட்டை ஒவ்வொன்றும் இரண்டு மணு, ஒரு ஆள் கனம். முதுகில் ஏற்றி ஆடும் பாலத்தில் அரை மைல் போக யாரும் துணியவில்லை. ஷெட்டில் கோணி தைக்கும் வள்ளிக்கண்ணு முன்னால் வந்தாள்.

"ஐயா, கால் மூட்டையா பிரிச்சுக் குடுங்க. பொம்பளைங்க நாங்களும் கை மாத்துவோம். தூக்கிட்டு நடந்தாத்தானே பாலம் ஆடும்? நின்ன இடத்துலயே நின்னா?"

ஹபீபுல்லா பாலத்தின் நீளத்தைக் கண்ணால் அளந்தார். "நாலடிக்கு ஒரு ஆள்" என்றார். "அரிசி போற வரிசைக்கே அறுநூறு பேர் வேணும். வெறும் கோணி திரும்பி வர, தள்ளித் தள்ளி இன்னொரு வரிசை."

அத்தனை பேரை எங்கே தேடுவது என்று நான் நினைத்தேன். பத்தரை மணிக்கு ஆயிரம் பேர் நின்றார்கள்.

மத்தியானம் நான் பார்க்கப் போனேன். பார்க்கத்தான். காலடியில் காவிரி செம்மண் நிறத்தில், முழு மரங்களைச் சுழற்றிக்கொண்டு, பேச்சு காதில் விழாத இரைச்சலோடு ஓடியது. அதற்கு மேலே ஒரு கோடு. தோல்மண்டிக்காரர் கையிலிருந்து கன்னியாஸ்திரீ கைக்கு, அவரிடமிருந்து காலேஜ் மாணவனுக்கு, அவனிடமிருந்து மீன்காரிக்கு. கோணி தீர்ந்ததும் வேட்டியில் முடிந்தார்கள், தலையணை உறையில் கட்டினார்கள். யாரும் ஓடவில்லை, கத்தவில்லை. கரையில் ஒரு மாட்டுவண்டி மேல் குள்ளமாக நின்ற மனிதரின் கை மட்டும் ஏறி இறங்கியது. ஆயிரம் பேரும் அந்தக் கையோடு மூச்சு விடுவதுபோல் இருந்தது.

அக்கரையிலிருந்து கேள்வி ஒன்று வாய்மாறி வாய்மாறி வந்தது: "ஸ்வாமி, இன்னும் எவ்வளவு வரும்?" பதிலும் அப்படியே போனது: "கை ஓயற வரைக்கும் வரும்!"

என் எதிரே ஒருவர் மயங்கிச் சரிந்தார். சங்கிலியில் எட்டடி இடைவெளி. என் கைகள் நீண்டுவிட்டன. ஈரத்தில் கனத்த ஒரு தலையணை உறை நெஞ்சில் மோதியது. சாயங்காலம்வரை அங்கேயே நின்றேன். மாதா கோயில் பூசையில்கூட அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படி நின்றதில்லை.

(லூர்துராணிக்கு: இது மட்டும் வீட்டில் சொன்னபோதும் பொய்யில்லை.)

5.

முடிவு.

ஒன்று, வீட்டில் சொல்வது: நான் ஒளித்த தந்தியால் ஹபீபுல்லா தப்பித்தார். இரண்டு, நான் ஆசைப்பட்டது: மேலிடத்தில் அவருக்கு மாலை போட்டார்கள்.

நடந்தது இது. புரட்டாசியில் விசாரணை வைத்து, அவரை நாகப்பட்டினம் துறைமுகத்தில் மூட்டைகளுக்கு முத்திரை பார்க்கும் சின்ன வேலைக்கு இறக்கினார்கள். நாற்பத்தெட்டு வயதில் போனார். பத்து வருடத்தில் அங்கேயும் கப்பல்கள் அவர் விரல் அசைவதற்காகக் காத்து நின்றன என்று கேள்விப்பட்டேன்.

ஆனால் நான் எழுத வந்தது அந்த விசாரணை அறையை. புத்தகத்தில் நேரம் இல்லாததால் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். தந்தி தாமதமாகக் கிடைத்தது என்றால் அவர் பிழைப்பார், என் வேலை போகும். வழியெல்லாம் 'தாமதமாகத்தான் கொடுத்தேன்' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வீட்டில் லூர்துராணி ஆறு மாதக் குழந்தை என்பதும் வழியெல்லாம் கூடவே வந்தது.

"தந்தியை எப்போ கொடுத்தீர்?" என்றார் அதிகாரி.

நான் வாயைத் திறந்தேன்.

"முத்திரையை உடைக்கறதுக்கு முன்னாடியே குடுத்துட்டாருங்க" என்றார் ஹபீபுல்லா. "படிச்சுட்டுத்தான் உடைச்சேன்."

திறந்த என் வாயில் எந்த வாக்கியம் இருந்தது? சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தெரியாது. 'நான் சொல்ல நினைத்தது...' என்று ஒரு வரியை ஆரம்பித்து அப்படியே விட்டிருக்கிறேன்.

லூர்துராணி, இதுவரை வாசித்துவிட்டு, அந்த வாயில் எந்த வாக்கியம் இருந்திருக்கும் என்று உன் பள்ளிப் பிள்ளைகளைக் கேள். அவர்கள் என்ன சொன்னாலும், ஒரு எழுத்துகூட மாற்றாமல் என்னிடம் வந்து சொல்.