அசலிலும் அசல் நாரை

எங்கள் ஸிலே ஊரில் பேருந்து என்றால் 'நாரை' கம்பெனிதான். ஹம்தி ஒரே ஒரு பழைய வண்டியில் தொடங்கி, இஸ்தான்புல் வரை முப்பது வண்டிகளை ஓட்டினார். சாலை எப்படி இருந்தாலும் பயணிகளின் உள்ளங்கையில் கைக்குப் பூசும் வாசனைநீரான எலுமிச்சைக் கொலோனைத் தவறாமல் ஊற்றுவார்கள்.

அவர் காலமானதும் மகன்கள் சண்டை போட்டார்கள். சொத்துக்காக அல்ல, கொலோனுக்காக. மூத்தவர் ருக்னெத்தின் எலுமிச்சையை விடமாட்டேன் என்றார். இளையவர் செய்ஃபிக்கு லாவெண்டர்தான் நாகரிகம். பாதி வண்டிகளோடு பிரிந்துபோய் அவற்றின் நெற்றியில் 'அசல் நாரை' என்று எழுதிக்கொண்டார். அண்ணன் மறுவாரமே தன் வண்டிகளில் 'அசலிலும் அசல் நாரை' என்று எழுதினார்.

ஒரே ஊருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பேருந்துகள் பாதி காலியாகக் கிளம்பின. கொலோனைத் தம்பி ஒரு கை ஊற்றினால் அண்ணன் இரண்டு கை ஊற்றினார். இஸ்தான்புல்லில் இறங்கும் எங்கள் ஊர்க்காரனை மூக்கை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். பக்கத்து விமான நிலையத்தில் மலிவு விமானங்கள் வந்தபோது, அங்கே கொலோன் தருவார்களா என்று இருவரும் தனித்தனியே சிரித்தார்கள். சிரித்து முடித்தபோது ஆளுக்கு ஒரு வண்டிதான் மிச்சம்.

அப்போதுதான் ருக்னெத்தினின் மகன் தாரிக்குக்கு ராணுவ அழைப்பு வந்தது. ராணுவத்துக்குப் போகும் பையனை மேளதாளத்தோடு பேருந்தேற்றி அனுப்புவது எங்கள் வழக்கம். ஊர் பார்க்க, தன் வண்டியில் மகன் போகவேண்டும்; அப்பாவுக்கு வேறு ஆசை இல்லை.

மேளம் முழங்கியது. அண்ணனின் வண்டி இரண்டு முறை இருமிவிட்டு அடங்கியது. எதிரே செய்ஃபியின் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. பல வருடங்களாகப் பேச்சில்லாத தம்பியை நோக்கி ருக்னெத்தின் பேருந்து நிலையத்தைக் குறுக்கே கடந்தார்.

"செய்ஃபி, பையனை ஏத்திக்கோ."

"எந்த வண்டில அண்ணே? பேரைச் சொல்லு."

பல் பிடுங்கக் கொடுத்தவர்போல வாயைத் திறந்தார். "அசல் நாரைல."

செய்ஃபி தானே முன் இருக்கையைத் துடைத்து வைத்தார். மேளச் சத்தம் ஏறியது. பையனைக் காணோம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ருக்னெத்தினின் மனைவி முஸய்யென் வந்தார்.

"அவனை ஏர்போர்ட்டுக்கு டாக்ஸில ஏத்தி விட்டுட்டேன். டிக்கெட் நேத்தே எடுத்தாச்சு. உங்க ரெண்டு பேரை நம்பி உட்கார்ந்திருந்தா, ராணுவம்தான் அவனைத் தேடி இங்க வரணும்."

மேளக்காரர் நிறுத்தவா என்று சைகையில் கேட்டார். ருக்னெத்தின் தம்பியின் வண்டிக்குள் ஏறி, மகனுக்காகத் துடைத்து வைத்த இருக்கையில் உட்கார்ந்தார். செய்ஃபி லாவெண்டர் புட்டியை எடுத்து வந்தார்.

"இன்னும் இந்த நாத்தத்தைத்தான் ஊத்துறியா?"

"கையை நீட்டு அண்ணே."

நீட்டினார்.